காவிரி வருவதற்குள் எங்கள் கண்மாய் மட்டிகளைப் பதிந்துவிடுங்கள்

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய் வேலையில் இருக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் இராமநாதபுரம் பக்கத்துக்காரன். வைகைத் தண்ணீர் பாய்ந்த வயல் நெல்லைத் தின்று வளர்ந்து, இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். மாயனூரில் தொடங்கி 262 கிலோமீட்டர் வரப்போகும் உங்கள் கால்வாயை எதிர்த்து இதை எழுதவில்லை. வானம் பார்த்த பூமிக்காரன் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வானா? காவிரி வரட்டும். அது வந்து சேர்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

போன சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். வெடித்துக் கிடந்த களிமண்ணுக்குள் கையை விட்டு ஒரு பையன் மட்டி ஒன்றை எடுத்தான். உள்ளங்கை நீளம், கருப்பேறிய பச்சை. மூட்டுப் பக்கம் தோல் உரிந்து சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஓடு மெல்லத் திறந்து, நாக்கு மாதிரி காலை நீட்டியது. பிள்ளைகள் போட்ட கூச்சல் கரை வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா சட்டி சுரண்ட அடுப்படியில் வைத்திருந்த ஓடு இதனுடையதுதான். விலங்கியலில் இதன் பேரினத்தை லாமெல்லிடென்ஸ் என்பார்கள்.

நடக்கவே தெரியாத இந்த உயிர் ஊர் விட்டு ஊர் போவது மீன் முதுகில்தான். முதுகில் என்பது பேச்சுக்கு. தாய் மட்டி வெளியே விடும் நுண்குஞ்சுகள் மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொள்ளும். கொஞ்ச நாள் ஒட்டியிருந்து வளர்ந்து, அப்புறம் மீன் போன இடத்தில் மண்ணில் உதிரும். ஆக, நன்னீர் மீன் போக வழியில்லாத இடத்துக்கு மட்டியும் போகாது. உப்புக்கடலைத் தாண்டுவதென்பது இரண்டுக்கும் முடியாத காரியம்.

ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே பேரினத்து மட்டிகள் இருக்கின்றன. பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் பெரும்பாலும் 15 மீட்டர் ஆழத்துக்குள்தான். நம் மீனவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது வைகை கடலைத் தேடி, இன்றைக்கு அது கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரைத் தாண்டி வெகுதூரம் ஓடியிருக்க வேண்டும். தட்டையான அந்த நிலத்தில் இரண்டு பக்கத்து வெள்ளமும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலம் மூழ்கி இன்னும் 10,000 ஆண்டுகூட ஆகவில்லை என்பது பரவலான கணிப்பு. இதற்கு முந்தைய பனியுகங்களிலும் இப்படித் தரை திறந்து மூடியிருக்கிறது.

எல்லா உயிரும் அந்த வழியில் போய்வரவில்லை. இலங்கையின் மலையோடைகளில் வாழும் பலூடோமஸ் நத்தைகளில் பல வகைகள் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. குளிர்ந்து ஓடும் தண்ணீரில் வாழ்கிறவைக்கு இந்தச் சூடான சமவெளி கடலைப் போலவே ஒரு தடை. எந்த உயிர் எந்த ஆற்றில் இருக்கிறது என்பதை வைத்துப் பழைய ஆற்று வழிகளைப் பின்னோக்கிப் படிக்கலாம் என்கிறேன். தொல்லியலாளர் ஓட்டுச்சில்லைப் படிக்கிற மாதிரி.

இந்தப் பதிவில் ஏற்கெனவே ஒரு பக்கத்தை நாம் கலைத்துவிட்டோம். 1895-இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைப் படுகைக்குள் வந்தது. மேற்கே போக வேண்டிய ஆறு அது. அந்தத் தண்ணீர்தான் நமக்குச் சோறு போட்டது, மறுக்க முடியாது. ஆனால் அன்றைக்கு எந்த மட்டி, எந்த நத்தை எங்கே இருந்தது என்று குறித்து வைத்திருந்தால் கூடவே என்னென்ன வந்தன என்று இன்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். காவிரி வந்த பிறகு அதன் மீன்களும் அவற்றோடு ஒட்டிய குஞ்சுகளும் குண்டாறு வரை வரும். பிறகு எது யாருடைய மட்டி என்று கேட்டால் பதில் கிடைக்காது.

அதனால் கேட்கிறேன். கால்வாய் இணையப்போகும் ஆறுகளிலும், அந்தத் தண்ணீர் போகும் கண்மாய்களிலும் முதலில் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. ஓட்டோடு சேர்த்து, அரிசியளவு தசையையும் எத்தனாலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மரபணுவை வைத்து ஆற்றைச் சொல்ல அது போதும். தூர்வாரும்போது பொக்லைன் இறங்குமுன் ஒருநாள் அவகாசம் தாருங்கள். உயிரோடிருக்கும் மட்டிகளைத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் விட்டுவிடலாம். வரத்துக்கால் முழுக்கத் தரையிலும் சிமெண்ட் போட வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். மட்டி புதைந்துகொள்ள மண் வேண்டும்.

வருகிற சித்திரையில் கண்மாய் வற்றும்போது என் பிள்ளைகள் நாற்பது பேரும் வாளியோடும் அளவுகோலோடும் கரையில் இருப்பார்கள். பதிவேட்டை எப்படிப் போட வேண்டும் என்று உங்களில் ஒருவர் வந்து காட்டினால் போதும்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரையிலிருந்து ஓர் ஆசிரியர்