கோட்டுக்குச் சொல் தந்தவருக்கு

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கும், பெற்றோருக்கும், ஜூன் மாதம் முழுக்க எந்த நேரத்தில் அழைத்தாலும் தொலைபேசியை எடுத்த ஒவ்வொருவருக்கும் வணக்கம்.

நேற்று இரவு பத்தே முக்காலுக்குக் கடைசிப் படம் வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒளிச்சேர்க்கையைப் பற்றிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்த கருத்து வரைபடம்: வட்டங்களுக்குள் சொற்கள், அவற்றை இணைக்கும் அம்புகள். கூடவே அவளுடைய குரல்பதிவு. பதினான்கு அம்புக்குறிகள், பதினான்கையும் வரிசையாக, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியமாக வாசித்திருந்தாள். ஓரிடத்தில் வாக்கியம் உட்காரவில்லை. "இல்லை, இது இப்படி வராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். பேனா கீறும் சத்தம் கேட்கிறது. பிறகு அம்பைத் திருப்பிப் போட்டு மறுபடி வாசிக்கிறாள். அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். யார் எங்கே நின்றார்கள், எந்த நாளில் நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று சொன்னேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஜூன் மாதச் சோதனை வகுப்பு படுத்துக்கொண்டாலும், கருத்து வரைபடம் வழியே அறிவியல் சொல்லித் தரும் நம் இணையவழி வகுப்பு நின்றுபோகவில்லை. 42 பிள்ளைகளும் முடித்துவிட்டார்கள். இன்றைக்கு எனக்கு அது போதும்.

முதல் நன்றி, நம் குழுவிலேயே இல்லாத ஒருவருக்கு. தென்காசிப் பேருந்து நிலையத்தை அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு. அவர் செய்தது அரைமணி நேர வேலை. இந்த வகுப்பு இன்று இருக்கும் வடிவம் அந்த அரைமணி நேரத்தில்தான் பிறந்தது என்பது அவருக்கே தெரியாது.

போன் இரவில் மட்டும் கைக்குக் கிடைக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய. அவர்கள் பகலில் செய்ய ஆளுக்கு இரண்டு பயிற்சித் தாள் என்று கணக்கிட்டு, 84 படிகள் எடுக்கப் போயிருந்தேன். வெளியே சாரல். மின்னியல் பாடத்துக்கான வரைபடம் அது: வட்டங்களுக்குள் சொற்கள், வட்டங்களுக்கு நடுவே கோடுகள். அண்ணாச்சி ஒரு படி எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுத்த படிக்குப் பொத்தானை அழுத்தவில்லை.

"டீச்சர், இந்தக் கோடு ஏன் சும்மா இருக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். "இங்கிருந்து அங்கே போகிறது, சரி. போய் என்ன செய்கிறது?"

இந்தக் கேள்வி ஏன் என்னை அப்படியே நிறுத்தியது என்று புரிய வேண்டுமானால், இந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மனவரைபடம் நன்றாகப் பழக்கம். நடுவில் ஒரு தலைப்பு, சுற்றிலும் கிளைகள். கருத்து வரைபடம் வேறு. 1972-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் சிறுவர்களின் அறிவியல் புரிதல் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நேர்காணல்கள் பக்கம் பக்கமாகக் குவிந்தன. அந்தப் பேச்சுக் குவியலுக்குள் மாற்றத்தைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரு குழந்தைக்கு என்ன தெரியும் என்பதை ஒரே தாளில் பார்க்க வழி தேடினார்கள். இந்த வரைபடம் கிடைத்தது. இதன் உயிர் வட்டத்தில் இல்லை, கோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் இணைப்புச் சொல் வேண்டும். இரண்டு வட்டமும் ஒரு கோடும் சேர்ந்து ஒரு வாக்கியமாக வேண்டும். வட்டங்களை மட்டும் பார்த்தால் பிள்ளைக்குச் சொற்கள் தெரியும் என்று தெரியும். பாடம் தெரியுமா என்பதைக் கோடுதான் காட்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோடுகளை வெறுமையாக விட்டிருந்தேன். காரணம், தமிழில் அந்தச் சொற்கள் உட்கார மறுத்தன. ஆங்கில வரைபடத்தில் வினை இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நின்றுகொள்ளும். அதை அப்படியே கொண்டுவந்தால், "செடி – உறிஞ்சுகிறது – நீர்". "செடி – கொண்டுள்ளது – வேர்". எந்தப் பிள்ளை இப்படிப் பேசும்? நமக்கு வினை கடைசியில் வர வேண்டும். இரண்டாவது பெயர் ஓர் உருபையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பல வாரங்கள் போராடிவிட்டு, போன் திரையில் அவ்வளவு எழுத்து தெரியாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, கோடுகளைச் சும்மா விட்டேன். ஜூன் மாதச் சோதனை வகுப்பு மூன்றாம் பாடத்தோடு படுத்துக்கொண்டதற்கு வேறு எத்தனையோ காரணங்கள் உண்டு. இதுவும் ஒன்று, இது மட்டுமே என்னுடையது.

அண்ணாச்சிக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் என் தாளில் இருந்த "மின்னூட்டம்" (சார்ஜ்) என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "இது நம் மெஷின் வேலைதானே" என்றார். பாழான ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தான் முதன்முதலில் பழகிய பழைய ஜெராக்ஸ் மெஷினை வரையத் தொடங்கினார். இரண்டு பேர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று அவர்களை உட்கார வைத்தார்.

ஒரு வட்டத்தில் "வெளிச்சம்" என்று எழுதினார். அதிலிருந்து ஓர் அம்பு. அது போய்ச் சேரும் வட்டத்தில் "சார்ஜை". அந்த வட்டத்தைத் தாண்டி, அம்பு நீண்டு போயிருந்தால் எங்கே முடியுமோ அங்கே, "இறக்கும்". வெளிச்சம் சார்ஜை இறக்கும். அடுத்தது: எழுத்து வெளிச்சத்தை மறைக்கும். அதனால் எழுத்து விழுந்த இடத்தில் மட்டும் மெஷினுக்குள் இருக்கும் டிரம் உருளையில் சார்ஜ் மிஞ்சும். மிஞ்சிய சார்ஜ் மைப் பவுடரை இழுக்கும். பேப்பர் பவுடரை வாங்கிக்கொள்ளும். சூடு பவுடரை உருக்கும். அவர் எந்த முறையையும் படித்தவர் இல்லை. பேசுகிற வரிசையில் எழுதினார், அவ்வளவுதான். எழுவாய், உருபோடு செயப்படுபொருள், கடைசியில் பயனிலை. நான் பல வாரங்களாகத் தேடியது அந்தப் பாழான தாளில் இருந்தது. வினையை நடுவில் திணிக்க வேண்டியதே இல்லை.

முடித்துவிட்டார் என்று நினைத்தேன். வெளியே பார்த்தார். தாளின் ஓரத்தில், எல்லாவற்றுக்கும் தள்ளி, "சாரல்" என்று ஒரு வட்டம் போட்டார். சாரல் பேப்பரை நமுக்க வைக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட கோட்டை இழுத்துக்கொண்டு போய்ப் பவுடரில் முடித்தார்: நமுத்த பேப்பர் பவுடரைப் பிடிக்காது. "இந்த மாதங்களில் திட்டுத் திட்டாகத்தான் விழும் டீச்சர். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை."

வரைபடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும் இத்தகைய கோட்டுக்குக் குறுக்கு இணைப்பு என்று பெயர். நோவாக்கும் அவருடைய சக பேராசிரியர் கோவினும் 1984-இல் தந்த மதிப்பெண் முறையில் சரியான ஓர் இணைப்புக்கு ஒரு மதிப்பெண். நல்ல குறுக்கு இணைப்புக்குப் பத்து. அதை விளக்க நான் இரண்டு காணொளிகள் எடுத்திருந்தேன். இரண்டையும் அன்றிரவே அழித்துவிட்டேன். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938-இல் முதல் படியை எடுத்ததும் இதே மின்னூட்டத்தையும் வெளிச்சத்தையும் பொடியையும் வைத்துத்தான். வருடக்கணக்காக மின்னூட்டம் நடத்துகிறேன், அதே வருடங்களாக அந்தக் கடை மேசைக்கு முன்னால் நிற்கிறேன். இரண்டுக்கும் நடுவே நான் ஒரு கோடு போட்டதில்லை.

84 படிகளுக்கான காசை அவர் அன்று இழந்தார். "சரி பண்ணிக்கொண்டு வாருங்கள், அப்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று என் தாளை மடித்துக் கையில் கொடுத்தார்.

அந்தத் தாள்தான் இப்போது முதல் பாடம். நான்கு நாட்களில் வகுப்பையே மாற்றி அமைத்தோம். வாய்விட்டு வாசிக்க வராத கோடு, கோடு இல்லை: இது ஒன்றுதான் விதி. அதனால்தான் படத்தோடு குரல்பதிவும் கேட்டோம். பிள்ளைகள் தங்கள் தவற்றைத் தாங்களே காதால் பிடித்தார்கள். திருத்தும் வேலையில் பாதி எனக்கு மிஞ்சவே இல்லை.

அந்த நான்கு நாட்களைத் தாங்கியவர்கள் நீங்கள். வினையை எங்கே வைப்பது என்பதில் என்னோடு இரவு பதினோரு மணிவரை வாதாடி, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வினைகள் என்று ஒரு பக்கம் எழுதித் தந்த தமிழாசிரியைக்கும்; இரண்டே நிறம் போதும், மூன்றாவது நிறம் கண்ணை அலைக்கழிக்கும் என்று பிடிவாதமாக நின்ற ஓவிய ஆசிரியருக்கும்; மின்விசிறிச் சத்தம் பதிவில் விழக்கூடாது என்று புழுக்கத்தில் உட்கார்ந்து, புத்தக அடுக்கின் மேல் போனைப் பிடித்துக்கொண்டிருந்த என் தம்பிக்கும் நன்றி. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் வகுப்புகளில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வை எடுத்துக் காட்டி, ஒவ்வொரு காணொளியையும் ஆறு நிமிடத்துக்குள் வெட்ட வைத்த நண்பருக்கும் நன்றி. அச்சடித்த படங்களைத் தூக்கி எறிந்து, வரையும் கையையே காட்டச் சொன்னதும் அவர்தான்.

ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் அனுப்பிய கட்டுரை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கார்பிக்கியும் பிளன்ட்டும் 2011-இல் சயன்ஸ் இதழில் எழுதியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக் கருத்து வரைபடம் போட்ட மாணவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து நன்றாக விடை சொன்னார்கள் என்கிறது அது. நான் நம்பி இறங்கிய முறைக்கே எதிராகத் தோன்றியது. "எதிர் இல்லையம்மா, புத்தகத்தை மூடிவிட்டு வரையச் சொல்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். இப்போது ஒவ்வொரு பாடத்திலும் இரண்டாவது வரைபடம் புத்தகத்தை மூடிய பிறகுதான். ஐயா, அந்த ஒரு வரிக்கு நன்றி.

தன் ஒரே போனை மாலை ஏழு முதல் எட்டு வரை பிள்ளையிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கு என்ன சொல்வது? பீடிக் கணக்கும், தறிக் கணக்கும், கடன்காரர் அழைப்பும் எல்லாம் அந்தப் போனில்தான். ஒரு மணி நேரம் விட்டுத் தந்தீர்கள்.

இனி எந்தப் பாடத்தையும், அதைக் கையால் செய்கிறவர் ஒருவரிடம் காட்டாமல் பதிவு செய்யமாட்டேன். நொதித்தலை மாவரைத்துத் தரும் அக்காவிடம் காட்டுவேன். நீர்ச் சுழற்சியைக் குளத்து மடையைத் திறந்து அடைக்கும் பெரியவரிடம் கொண்டுபோவேன். "போய் என்ன செய்கிறது" என்று அவர்கள் கேட்கட்டும். வகுப்பு எந்தப் பிள்ளைக்கும் இலவசமாகவே இருக்கும். இதையும் இங்கே எழுதி வைக்கிறேன், நாளை நான் மறந்தால் நீங்கள் எடுத்துக் காட்டலாம்.

அண்ணாச்சி, உங்கள் தாள் என்னிடம்தான் இருக்கிறது; கேட்காமல் வைத்துக்கொண்டேன். அடுத்த குழு ஆகஸ்டில் தொடங்குகிறது. திங்கட்கிழமை மாலை தாள்களோடு வருகிறேன், கோடுகளில் சொல் இருக்கிறது. சாரல் இன்னும் விடவில்லை. பேப்பர் கட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்