2024–25ஆம் ஆண்டு செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். நம் டென்னிஸ் கழகத்தின் செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இவ்வாண்டின் மாதச் சொற்பொழிவுகளுள், முன்னாள் டென்னிஸ் வீராங்கனை நிருபமா வைத்தியநாதனின் ஆட்ட வாழ்க்கையைப் பற்றியதே மிகுந்த பயன் தந்தது என்பது என் கருத்து. கோயம்புத்தூரில் பிறந்து தந்தையின் பயிற்சியில் வளர்ந்த அவர், 1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையர் பிரிவில் இத்தாலியின் குளோரியா பிசிகினியை வென்று, ஓபன் காலத்தில் (தொழில்முறை ஆட்டக்காரர்களும் அனுமதிக்கப்பட்ட 1968 முதலான காலத்தில்) கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றின் முதன்மைச் சுற்றில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் ஆனார். நம் அழைப்பிதழில் 'ஓபன் காலத்தில்' என்ற சொற்கள் விடுபட்டிருந்தன. இந்திய வீராங்கனை லீலா ராவ் 1934ஆம் ஆண்டிலேயே விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றவர் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துரைத்தார். அத்திருத்தத்தை நன்றியுடன் இங்குப் பதிவு செய்கிறேன்.

அதே 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையர் வெண்கலம், 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆட்டம் ஆகியவை தொடர்ந்தன. ஒற்றையரில் அவர் எட்டிய மிக உயர்ந்த தரவரிசை 134. இந்த இடத்தைத் தாழ்ந்ததென்று எவரும் எண்ணலாகாது. கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் ஏறத்தாழ முதல் நூறு பேருக்கே நேரடி இடம் கிடைக்கும். அடுத்த நிலையில் இருப்போர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்றாக வேண்டும், அதுவரை விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்சியாளர் ஊதியம் ஆகிய அனைத்தையும் பெரும்பாலும் தம் கைப்பொருளிலிருந்தே ஈடுகட்ட வேண்டும். புரவலர்கள் கிடைப்பது அரிதாயிருந்த அந்நாளில் ஒரு பெண் தனியே நாடு நாடாகச் சென்று அந்த நிலையை எட்டியது எத்தகைய உழைப்பு என்பதை, கேட்டுக்கொண்டிருந்த நம் சிறுமியர் நன்கு உணர்ந்தனர்.

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்த சென்னை ஓபனில் 17 வயது செக் நாட்டு வீராங்கனை லிண்டா ஃபுருவிர்தோவா பட்டம் வென்றதை இச்சிறுமியரில் சிலர் நேரில் கண்டவர்கள். சொற்பொழிவு முடிந்ததும் அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே: மாலையில் ஆடுகளம் எங்களுக்கு எப்போது கிடைக்கும்? விளக்கு எரியும் நேரம் முழுவதும் ஆண் உறுப்பினர்களுக்கே ஒதுக்கப்பட்டு வருவதால், என்னால் விடை கூற இயலவில்லை.

ஆகவே செவ்வாய், வியாழக்கிழமைகளில் மாலை 6 முதல் 8 மணி வரை ஓர் ஆடுகளத்தைச் சிறுமியருக்கென ஒதுக்கவும், வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்வோரின் வழிச்செலவுக்கெனத் தனி நிதி தொடங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு தீர்மானங்களையும் பொதுக்குழு இன்றே நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்