ஃப்ரீபிஎஸ்டி சோர்ஸ் புதுப்பிக்கிறவர்கள் கவனத்துக்கு

மக்களே, இந்த வாரம் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சோர்ஸை (மூல நிரலை) இழுத்து பில்ட் போட, அதாவது அதை ஓடும் வடிவத்துக்கு மாற்றப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்.

சிலர் இன்னும் சோர்ஸ் இழுக்க சப்வெர்ஷன் என்ற பழைய மென்பொருளின் கட்டளையையே தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 2020 டிசம்பரிலேயே சோர்ஸ் கிட் (Git) என்ற மென்பொருளுக்கு மாறியாயிற்று, அதனால் பழைய ஃபோல்டரை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக க்ளோன் (முழு நகல்) எடுங்கள். பேச்சிப்பாறை பக்கம் நெட் இழுவையாகக் கிடந்தால் க்ளோன் கட்டளையில் டெப்த் 1 கொடுத்தால் கடைசி நிலை மட்டும் வரும், அது போதும்; 1993 முதலான வரலாறு நமக்கு எதற்கு?

கடையில் ஓடும் மெஷினுக்கு ரிலெங் (releng) கிளைதான், அதாவது வெளியான பதிப்புக்கான சோர்ஸ். பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களும் மட்டும் அதில் வரும். இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் மெயின் கிளையை பில்லிங் மெஷினில் ஏற்றிவிட்டு ராத்திரி எனக்கு போன் போடாதீர்கள்.

கிட் புல் (புது மாற்றங்களை இழுப்பது) முடிந்ததும், கவனிக்க வேண்டிய மாற்றங்களைச் சொல்லும் அப்டேட்டிங் (UPDATING) ஃபைலைத் திறந்து, மேலிருந்து உங்கள் கடைசி பில்ட் தேதி வரை வாசியுங்கள். யாரும் வாசிப்பதில்லை, தெரியும். அப்புறம் மேக் (make) கட்டளையில் வரிசையாக பில்ட்வேர்ல்ட் (கெர்னல் தவிர்த்த மற்ற சிஸ்டத்தை பில்ட் போடுவது), பில்ட்கெர்னல் (சிஸ்டத்தின் மையமான கெர்னலை பில்ட் போடுவது), இன்ஸ்டால்கெர்னல் (அதை நிறுவுவது), ஒரு ரீபூட். புது கெர்னல் ஒழுங்காக எழும்பினால் மட்டும் அமைப்பு ஃபைல்களைப் புதுப்பிக்கும் ஈடிசிஅப்டேட்டை (etcupdate) ஹைஃபன் பி (-p) போட்டு ஓட்டி, இன்ஸ்டால்வேர்ல்ட் (மற்ற சிஸ்டத்தை நிறுவுவது), மறுபடி வெறும் ஈடிசிஅப்டேட், கடைசியாக இன்னொரு ரீபூட்.

பில்ட் நடுவில் கரண்ட் போனால் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம், நேரம்தான் நஷ்டம். இன்ஸ்டால்வேர்ல்ட் பாதியில் போனால் பாதி பழசு பாதி புதுசாக நின்றுவிடும். இந்த ஐப்பசி மழையில் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

க்ளோன் பென் டிரைவில் வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள், ஞாயிறு காலை வடசேரி பஸ் ஸ்டாண்டில் தருகிறேன்.