அப்ரைட் பியானோவில் ‘வால்ட்ஸ்டைன்’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரம்பூரில் நடந்த பியானோ கச்சேரி பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த விமர்சனம் குறித்து எழுதுகிறேன். வேறு வேலை பார்த்துக்கொண்டே சாதகம் செய்த ஒருவர், பீத்தோவனின் ‘வால்ட்ஸ்டைன்’ சொனாட்டாவை மேடையேற்றியதை மனமாரப் பாராட்டியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால், அடுத்தடுத்து வரும் ஒரே சுரங்கள் பல இடங்களில் விழுங்கப்பட்டன, அமெச்சூர் என்பதால் பயிற்சி போதவில்லை என்ற முடிவு சரியல்ல. மேடையில் இருந்தது, கம்பிகள் செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோ. முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கம்பிகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோவில் அழுத்திய கட்டை முழுதும் மேலே வரவேண்டியதில்லை. பாதி எழுந்தாலே, கம்பியை அடிக்கும் சுத்தியல் மறு அடிக்குத் தயாராகிவிடும். பியானோ தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார் உருவாக்கி, 1821-இல் காப்புரிமை பெறப்பட்ட அமைப்பு அது. அப்ரைட்டில் அந்த வசதி இல்லை. சுத்தியலைத் தள்ளும் ‘ஜாக்’ என்ற சிறு மரத்துண்டு மறுபடி தன் இடத்தில் போய் உட்கார, கட்டை ஏறக்குறைய முழு உயரமும் எழும்ப வேண்டும். அதற்குள் விரல் விழுந்தால் கட்டை இறங்கும், ஓசை வராது. ‘வால்ட்ஸ்டைன்’ தொடங்குவதே ஒரே கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மிக மெல்லிய ஒலியில், வேகமாக, விடாமல் தட்டுவதில்தான். அப்ரைட்டில் வாசிப்பவருக்கு இரண்டே வழி: வேகத்தைக் குறைக்கலாம், அல்லது சற்று உரக்க வாசிக்கலாம். இரண்டும் விமர்சனத்தில் குறையாகத்தான் வரும். வயலின்காரர் தன் வயலினோடு வருகிறார். பியானோக்காரருக்கு மண்டபத்தில் இருப்பதே கதி.

அடுத்தது நம் கடற்காற்று. இராயபுரம், காசிமேடு பக்கம் பியானோ வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். உப்புக்காற்றில் கம்பிகள் துருவேறும். செம்பு சுற்றிய மந்திர ஸ்தாயிக் (கீழ்ச்சுரக்) கம்பிகள் மங்கி, ஒலி மொத்தையாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரத்தை வாங்கி, கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகை மேடிடும்; நடுப்பகுதியின் சுருதி அதிகம் ஏறும், மந்திரப் பகுதி அவ்வளவு ஏறாது. இரண்டு கைகளும் ஒன்றோடொன்று சேராமல் ஒலிப்பது இதனால்தான். கட்டைகளுக்கு அடியில் உள்ள முளைகளைச் சுற்றிய ஃபெல்ட்டும் ஊதிக்கொள்ளும். அழுத்திய கட்டை சோம்பலாக எழும். ஏற்கெனவே தாமதமாக எழும் அப்ரைட்டில் இதுவும் சேர்ந்தால் எந்த விரலும் என்ன செய்யும்?

கச்சேரி நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பியானோவை இடம் மாற்றினால், சுருதி சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரமாவது புது இடத்தில் இருக்கட்டும். பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று கம்பிகள், மொத்தம் ஏறத்தாழ 230. அவற்றின் மொத்த இழுவிசை 18 டன் அளவுக்கு இருக்கும். சுருதி வெகுவாக இறங்கியிருந்தால் ஒரே தடவையில் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதி அளவுக்கு ஏற்ற முடியாது; ஒரு பக்கம் ஏற்ற ஏற்ற மறுபக்கம் இறங்கும். முதல் சுற்றில் தோராயமாக ஏற்றி, சில நாள் விட்டு, கச்சேரியன்று காலை நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரமாவது மண்டபம் அமைதியாக இருக்க வேண்டும். நாற்காலி இழுப்பதும் மைக் சோதனையும் அப்போது கூடாது.

ஏசி விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. காலையில் ஏசி இல்லாமல் சுருதி சேர்த்துவிட்டு, கூட்டம் வந்தபின் முழுவீச்சில் போடுகிறார்கள். குளிர்ந்த கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். மேடை விளக்கின் சூட்டில் இறங்கும். மூன்று கம்பிகளில் ஒன்று சற்று நகர்ந்தாலே சுரம் அலையலையாக நடுங்கும். இரண்டு நாள் முன்பே ஏசியை மாலை வேளைக்குரிய அளவில் ஓடவிட்டு, அதே குளிரில், அதே விளக்குகளின் கீழ் சுருதி சேர்க்க வேண்டும். ஏசிக் காற்று நேராகப் பியானோமேல் படக்கூடாது.

இறுகிய கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மரமும் ஃபெல்ட்டும் எண்ணெயைக் குடித்து மேலும் பிடித்துக்கொள்ளும். கம்பி முறுக்கும் முளைப் பக்கம் எண்ணெய் போய்விட்டால், தேய்ந்த வீணைப் பிரடை போல முளை வழுக்கும். அதன்பின் சுருதி நிற்காது. ஃபெல்ட்டைத் தளர்த்தத் தனி இடுக்கி இருக்கிறது, ட்யூனரிடம் விடுங்கள்.

நூற்றைம்பது பேர் அமரும் மண்டபத்துக்கு மைக் தேவையில்லை. அப்ரைட்டின் மேல்மூடியைத் திறந்து, முதுகைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தாலே போதும். மேடைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தாளும் பறக்காது, மெல்லிய இடங்களும் கேட்கும்.

பியானோ கச்சேரி விமர்சனங்களில் கிராண்டா அப்ரைட்டா, எப்போது சுருதி சேர்த்தார்கள் என்று இனி ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரம்பூரில் வாசித்தவரைப் பற்றிய அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

– பியானோ ஆசிரியை ஒருவர்,
இராயபுரம், சென்னை-13