சட்டையில மடிப்புக் கோடு தெரிஞ்சா என்ன?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மகளின்ர ஸ்கூல் சட்டையில (கவுனில) பழைய மடிப்புக் கோடு தெரியுதெண்டு ஸ்கூலில குறை சொல்லினம், அதைப் பற்றித்தான் எழுதுறன். அவளுக்கு ஜனவரியில கொழும்பு புறக்கோட்டை ரெண்டாம் குறுக்குத் தெருவில ரெடிமேடா ரெண்டு வெள்ளை ஸ்கூல் சட்டை வாங்கினனான், சித்திரை லீவுக்கு முதலே ரெண்டும் கக்கத்தடியில பிரிஞ்சு போச்சுது. உட்பக்கம் திருப்பிப் பாத்தா கால் இஞ்ச் துணி கூட இல்ல, வெறும் ஓவர்லாக் நூல்தான் ஓடிக்கிடக்கு. எங்கட லேனில தைக்கிற அன்ரியிட்ட கொண்டு போனன், "பிடிச்சுத் தைக்கத் துணி எங்க பிள்ளை விட்டிருக்கிறாங்கள்?" எண்டு கேட்டா. 1978ல தொடங்கின கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில இருந்து உலகத்துக்கே தைச்சு அனுப்புறம், எங்கட பிள்ளையளுக்குக் கால் இஞ்ச் குடுக்கப் பஞ்சி.

அன்ரியின்ர கத்தரிக்கோல் அவவின்ர அம்மாட காலத்துச் சாமான், நடுவில ஸ்க்ரூ, கழட்டிச் சாணை பிடிச்சு, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டுவா. என்ர கத்தரிக்கோலுக்கு ரிவெட் அடிச்சிருக்கு, கழட்டவே ஏலாது. சட்டையும் அப்பிடித்தான், பிறகு திருத்த இடம் விட்டுத் தைச்சாத்தான் நிலைக்கும்.

1993ல இருந்து அரசாங்கம் பிள்ளையளுக்கு இலவசமாக் குடுக்கிறது துணிதானே, தைச்ச சட்டை இல்லையே (இடையில வவுச்சர் குடுத்த வருசங்களும் இருக்கு). போன வருசத் துணியை அன்ரியிட்டக் குடுத்து, பக்கத்தில ஒரு இஞ்ச் விடுங்கோ, கீழ மூண்டு இஞ்ச் மடிச்சு அடியுங்கோ எண்டு சொல்லித்தான் தைப்பிச்சனான், அது இண்டைக்கும் கிண்ணெண்டு இருக்கு. பிள்ளை வளந்திட்டாள் எண்டு ரெண்டு இஞ்ச் இறக்கி விட்டன். பழைய மடிப்பு இருந்த இடத்தில பென்சிலால கீறின மாதிரி ஒரு கோடு, வினாகிரி தடவி அயன் பண்ணியும் முழுசாப் போகேல்ல.

அதுக்கு ஸ்கூலில இருந்து டயரியில எழுதி வந்திருக்கு, "புதுச் சட்டை போட்டு அனுப்பவும்" எண்டு. ஊத்தை இல்ல, கிழிசல் இல்ல, தோய்ச்சு ஸ்டார்ச் போட்டு அனுப்பின சட்டை ஐயா! நாங்கள் என்னத்துக்கு மூண்டு இஞ்ச் மடிச்சுத் தைக்கிறது பிறகு?

யூனிபோம் பாக்கிற ரீச்சர்மார் உங்கட பேப்பரை வாசிப்பினம் எண்டுதான் எழுதுறன். சுத்தமா இருக்கோ எண்டு பாருங்கோ, நீளம் சரியோ எண்டு பாருங்கோ, அந்தக் கோட்டை மட்டும் விட்டுடுங்கோ. மிச்சம் ஒரு இஞ்ச் இன்னும் உள்ளுக்கு இருக்கு, அடுத்த வருசம் அதையும் இறக்கத்தான் போறன்.

ஒரு அம்மா,
வெள்ளவத்தை