வரியைக் கட்டுவது யார்?

ஆசிரியருக்கு,

அமெரிக்க இறக்குமதி வரி பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். 'வெளிநாடுகள் மீதான வரி' என்று அதில் குறிப்பிட்டிருந்தீர்கள். ஆனால் சுங்கத்தில் அந்த வரியைச் செலுத்துவது அமெரிக்க இறக்குமதியாளரே. அதில் பெரும்பகுதி கடைசியில் வாடிக்கையாளர் தலையில்தான் விடிகிறது. 2018 ஜனவரியில் டிரம்ப் அரசு வாஷிங் மெஷின்களுக்கு இறக்குமதி வரி விதித்தது. விலை சுமார் 12 சதவீதம் ஏறியதாக அந்நாட்டு மத்திய வங்கி, சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கணக்கிட்டனர். வேடிக்கை என்னவென்றால், வரியே விதிக்கப்படாத, துணி உலர்த்தும் டிரையரின் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது. இரண்டையும் ஜோடியாகத்தானே வாங்குகிறார்கள்! இந்த வரியால் அங்கே உருவான வேலைகள் சுமார் 1,800. ஒவ்வொன்றுக்கும் நுகர்வோர் ஆண்டுதோறும் கொடுத்தது 8 லட்சம் டாலருக்கு மேல்.

அந்த ஆண்டு நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வாஷிங் மெஷின் பழுதாகிக் கடைக்குப் போனால், பழைய விலைச்சீட்டின் மேலேயே புதுச்சீட்டு ஒட்டியிருந்தது. ஓரத்தில் பழைய எண் எட்டிப் பார்த்தது. வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் பழைய ஜோடியை வாங்கிக்கொண்டு திரும்பினோம். அங்கே மாநில விற்பனை வரியை ரசீதில் தனியாக அச்சிடுகிறார்கள். இறக்குமதி வரியையும் அப்படியே அச்சிடச் சட்டம் கொண்டுவரலாம். தாங்களும் இனி 'அமெரிக்க இறக்குமதியாளர் மீதான வரி' என்றே எழுத வேண்டுகிறேன்.