பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: பட்டியலின் கடைசி வரி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில், ஒரு அப்பா தன் மகளின் கல்லூரிப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டினார். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா. கடைசி வரியில் நம் நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ். "அது சேஃப்டி சார், கிடைச்சிடும்" என்றார். மற்றவை கைவிட்டாலும் இங்கே நிச்சயம் இடம் கிடைக்கும் என்று பட்டியலில் வைக்கும் கல்லூரிதான் சேஃப்டி. மகள் ஒன்றும் பேசாமல் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ரட்கர்ஸ் நல்ல பல்கலைக்கழகம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் நியூ பிரன்ஸ்விக் வளாகத்தில் மட்டும் இளங்கலை மாணவர்கள் 30,000-க்கு மேல். இந்தப் பெண்ணோ, ஆறு பேர் இருக்கும் நம் வகுப்பில் ஒரு சங்கப் பாட்டின் ஒற்றைச் சொல்லுக்காக ஆசிரியரோடு 40 நிமிடம் மல்லுக்கு நின்றவள். கல்லூரியிலும் அப்படிப்பட்ட வகுப்பு வேண்டும் என்றுதான் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை, அதாவது பல துறைகளையும் கலந்து படிக்கவைக்கும் இளங்கலைக் கல்லூரிகளைத் தேடுகிறாள். மேலே சொன்ன நான்கிலும் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. நான்கும் கைவிட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிற இடத்தை சேஃப்டி என்று எப்படிச் சொல்வது?

அதே மாதிரி படிப்பு, இவ்வளவு நெருக்கடி இல்லாத இடங்களிலும் உண்டு. ஒஹாயோவில் வூஸ்டர் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள்: இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் தனி ஆய்வு செய்தே ஆகவேண்டும். மல்லுக்கு நிற்கும் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்! விஸ்கான்சினில் லாரன்ஸ், பெலாய்ட் இருக்கின்றன. அரசுக் கல்லூரிதான் கட்டுப்படியாகும் என்றால் நம் மாநிலத்திலேயே ரமாபோ இருக்கிறது, டி.சி.என்.ஜே.யையும் (தி காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி) பாருங்கள்.

ஆனால் சிறிய கல்லூரி விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். மதிப்பெண் நிறைய இருந்தும், வளாகத்தை எட்டிப் பார்க்காத, அனுப்பிய மின்னஞ்சலைத் திறக்காத பிள்ளையை 'இவள் எங்கே வரப்போகிறாள்' என்று காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிடுவது உண்டு. மாணவரின் ஆர்வத்தைக் கணக்கில் எடுக்கிறார்களா என்பது, கல்லூரிகள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பில் சி7 பகுதியில் இருக்கும். எடுப்பார்கள் என்றால், ஒரு ஆன்லைன் கூட்டத்திலாவது பிள்ளை தலையைக் காட்டட்டும்.

அப்புறம் பணம். இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாவிட்டால் அதுவும் சேஃப்டி இல்லை. வில்லியம்ஸும் ஆம்ஹெர்ஸ்டும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவுகின்றன. மதிப்பெண்ணுக்கென்று உதவித்தொகை கிடையாது. இருவரும் சம்பாதிக்கும் நம் வீடுகள் பலவற்றில் அடி விழுவது இங்கேதான். வூஸ்டர், லாரன்ஸ் போன்றவை மதிப்பெண்ணுக்கும் தருகின்றன. 2011 முதல் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது; உதவித்தொகை போக உங்கள் குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று அது தோராயமாகக் காட்டும். வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் போதும்.

கல்லூரியின் நிதிநிலையையும் விசாரியுங்கள். நியூயார்க்கில் 1868-இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி, 2024 ஏப்ரல் கடைசியில் அறிவித்து அந்த செமஸ்டரோடு மூடிவிட்டது.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் நூலக அறையில் உட்கார்ந்து பேசுவோம். பட்டியலோடு வாருங்கள். கடைசி இரண்டு பெயர்களை மட்டும் பிள்ளையே எழுதட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்